இரண்டு பேருக்கான சம்பளம்

1

ஊரில் இருப்பவர்கள் இதைப் படிக்கும்போது தீபக் கொப்பரையை மலையிலிருந்து இறக்கியிருப்பார்கள். நான் எழுதுகிற இந்தக் காலையில் அது இன்னும் உச்சியில்தான் இருக்கிறது. இங்கே ஜன்னலுக்கு வெளியே ஏரியின் ஓரம் வெள்ளையாக உறையத் தொடங்கிவிட்டது.

தேதிகளைக் குறித்து வைப்பது என் பழக்கம். எந்த அத்தை எந்த வருஷம் பம்பாய்க்குப் போனார், மைதானத்துக்கு எந்த மாதம் சிமெண்ட் போட்டார்கள் என்று குடும்பத்திலும் நண்பர்களிடையிலும் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். தேதி இல்லாத நினைவை வதந்தி என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனாலும் இந்தக் குறிப்பில் தேதி எதையும் போட எனக்குத் துணிவில்லை. போட்டால் அது நடந்ததாகிவிடும். போன கார்த்திகை, இந்தக் கார்த்திகை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன கார்த்திகையில் நான் வாழும் நகரத்தில் ஒரே ஒரு பேச்சுத்தான். எங்கள் கூடைப்பந்து அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் உச்ச ஒப்பந்தம் கேட்டிருந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஓர் அணி ஒரே ஆட்டக்காரருக்குத் தரக்கூடிய சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தொட்டுக் கொடுப்பதுதான் உச்ச ஒப்பந்தம். அணியின் மொத்தச் செலவுக்கும் கட்டுப்பாடு இருப்பதால், ஒருவருக்கு உச்சம் கொடுத்தால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது குறையும். ஆகவே கேள்வி பணத்தைப் பற்றியது மட்டும் அல்ல. ஓர் அணி என்பது ஒருவனா, பலரா என்பதும் அதில் இருக்கிறது. முடி வெட்டுபவர் கத்தரியை நிறுத்திவிட்டு என் கருத்தைக் கேட்டார். அலுவலக லிப்டில் மூன்று மாடிக்குள் நான்கு தீர்ப்புகள் கேட்டேன்.

என் மகள் மதி கல்லூரியில் படிக்கிறாள். என்னிடம் தமிழில் பேசுவது இந்த ஒரு விஷயத்தில்தான். உச்ச ஒப்பந்தத்துக்கு அவள் சொல் மேக்ஸ். மற்றவற்றைப் பேசவே மாட்டாள்.

"மேக்ஸ் குடுத்தே ஆகணும்ப்பா."

"ஒருத்தனுக்கே எல்லாத்தையும் குடுத்துட்டா மத்தவங்க?"

"அவன் இருந்தாத்தான் அவங்க நல்லா ஆடுவாங்க. அவன் இல்லன்னா அவங்க வெறும் உயரமானவங்க."

"பந்து அவன்கிட்ட எப்படி வருது? யாரோ ஒருத்தன் குடுக்கணும் இல்ல?"

"பாஸ் யாரு வேணா குடுக்கலாம்," என்றாள்.

அந்த வார இறுதியில் நாங்கள் இருவரும் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். அப்பாவின் வீட்டுப் பத்திர வேலை எனக்கு இருந்தது. மதிக்குக் கல்லூரி விடுமுறை. மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

2

எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் மைதானம் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் புதுக் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. சிமெண்ட் தரை, இரண்டு கம்பம், நான்கு விளக்கு. மலை இருக்கும் பக்கம் படிக்கட்டுகள். எதிர்ப்பக்கம் பாறையும் முள்ளுமாக ஒரு தரிசு. வாலிப வயதில் நானும் இங்கேதான் ஆடினேன், அப்போது மண் தரை. என்னோடு ஆடிய தனபால் இப்போது கழகச் செயலாளர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். வெளிநாடுகளில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் வருஷம் ஒருமுறை அனுப்பும் பணத்தில் கழகம் ஓடுகிறது. அந்தப் பணத்தில் பெரும் பங்கு என்னுடையது.

மகா தீபத்துக்குப் பிறகும் கொப்பரை சில நாள் உச்சியில் இருக்கும், ஒவ்வொரு மாலையும் தீபம் ஏற்றுவார்கள். கூட்டம் வடிந்த அந்த நாட்களில்தான் எங்கள் போட்டி. அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஏற்றும் நேரம் வந்ததும் நடுவர் விசில் ஊதுவார். ஆட்டம் நிற்கும். மைதானத்து விளக்குகளை அணைப்பார்கள், தீபம் தெளிவாகத் தெரியட்டும் என்று. ஆட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியே வந்து, லேஸை அவிழ்க்காமலே குதிகாலை மிதித்து ஷூவைக் கழற்றி, மண்ணில் வெறுங்காலோடு நின்று மலையைப் பார்ப்பார்கள். பார்வையாளர்களும் படியில் எழுந்து திரும்பிவிடுவார்கள். அந்த நேரம் ஆடுகளம் எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் காலியாகக் கிடக்கும்.

நானும் மதியும் பார்க்கப் போன அன்று எதிரணி செங்கத்திலிருந்து வந்திருந்தது. நாங்கள் பின்தங்கியிருந்தோம். எங்கள் நட்சத்திரம் கதிர்வேல், அடி அண்ணாமலைக்காரன். டவுனில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். ஒல்லியானவன், அதிகம் பேசாதவன். அவன் பந்தை எறிந்தபின் அது விழுகிறதா என்று பார்ப்பதில்லை, திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுகிறான். இதைக் கண்டு மதி என் கையைக் கிள்ளினாள்.

நடுவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் பி.டி. சார். மலை உச்சியில் சுடர் பிடித்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று படிக்கட்டு முழுவதும் எழுந்தது. பி.டி. சார் விசிலை வாயில் வைத்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டார். ஊதவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரும் திரும்பிவிட்டார். விளக்குகள் அணைந்தன.

கோஷம் அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பின்னால் பந்து சிமெண்டில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நிசப்தம். பிறகு வலை அசையும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட யாருக்கும் அது தெரியும், துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல இருக்கும். அதன் பின் வந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பந்தை உள்ளங்கைகள் வாங்கும் சத்தம். தரையில் இரண்டு பேரின் காலடி. மறுபடி வலை.

என்னைச் சுற்றி எல்லோருக்கும் அது கேட்டது. கூப்பிய கைகள் இறங்கவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. தீபத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்பது ஒன்று. அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன்.

விளக்குகள் எரிந்தன. கதிர்வேல் ஆடுகளத்தின் நடுவில் தனியாக நின்றான், பந்து அவன் கையில் இருந்தது. உடனே சண்டை வந்தது.

"நாலு விழுந்துச்சு சார்," என்றான் எங்கள் அணித் தலைவன் சேகர். அவன் ஆட்டோ ஓட்டுகிறான், குரலும் ஹாரன் மாதிரிதான்.

"மூணுதான்," என்றான் செங்கத்துக்காரன். "வலை சத்தம் மூணு தடவதான் கேட்டுது."

"சாமி கும்புடும்போது எண்ணிக்கினு இருந்தியா நீ?"

"நீ மட்டும் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தார். "நான் ஊதலை. தப்பு என்னுது. ஊதாத வரைக்கும் ஆட்டம் ஆட்டம்தான். மூணுன்னு வெச்சிக்கங்க, போங்க."

மூன்று என்று வைத்துக்கொண்டோம். அதில்தான் ஜெயித்தோம். எத்தனை விழுந்தது என்று அத்தனை பேர் சண்டை போட்டார்கள். பந்தை யார் திருப்பிக் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

3

கேட்டவள் மதிதான். சேகரின் ஆட்டோவில் வீடு திரும்பும்போது கேட்டாள்.

"யாரு பாஸ் குடுத்தது?"

சேகர் கண்ணாடியைச் சரி செய்தான்.

"நான் திரும்பிப் பாத்துட்டேன்ப்பா. ஸாரி. எவ்ளோ நேரம் கும்பிடணும்னு தெரியலை. பந்து ரிங்ல விழுந்து கீழ வந்து இருட்டுக்குள்ள போச்சு. அப்புறம் அவன்கிட்ட திரும்பி வந்துச்சு. உருண்டு வரலை. இங்க வந்துச்சு." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"செவுத்துல பட்டு வந்துருக்கும்மா," என்றான் சேகர்.

"அந்தப் பக்கம் சுவரே இல்லையே அங்கிள்."

அவன் வேகத்தைக் கூட்டினான். எங்கள் தெருவுக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்திவிட்டு, "எடம் வந்துடுச்சு சார்," என்றான். அவனுக்கு எங்கள் வீடு சின்ன வயதிலிருந்து தெரியும். நாங்கள் இறங்கி நடந்தோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தனபாலின் கடைக்குப் போனேன். அவன் ஒரு வாடிக்கையாளருக்காக இயந்திரத்தில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை மீறித்தான் பேச வேண்டியிருந்தது.

"இந்த வருசம் மட்டும் இல்லடா," என்றான். "போன வருசமும் இப்படித்தான். ஏழுமலை போனதுலேந்து."

"ஏழுமலைன்னா?"

"கதிரோட ஜோடி. ஸ்கூல்லேந்து ரெண்டும் ஒண்ணாத்தான் ஆடும். இவன் கண்ண மூடிக்கினு ஓடுனாக்கூட அவன் பந்து இவன் கைக்குத்தான் வரும். நம்ம பசங்களுக்கே அவன் இருந்தது அவ்ளோவா தெரியாது. கதிரைத்தான பாப்பாங்க."

"எப்ப செத்தான்?"

"டேய், நாக்கைக் கடி. கத்தார்ல இருக்கான். கிடங்குல வேலை. காலையிலகூட வாட்ஸப்புல குட்மார்னிங் போட்டான், பூவோட."

அவன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

4

கதிர்வேல் தானாகவே கடைக்கு வந்தான். வேலூர் அணி ஒன்று அவனைக் கூப்பிட்டிருப்பது எங்களுக்குத் தெரியும். அடுத்த பருவத்துக்கு என்ன வேண்டும் என்று தனபால் கேட்டு வைத்திருந்தான். சேகரும் வந்து பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தான்.

"முழுசா வேணும்ணா," என்றான் கதிர்வேல்.

"முழுசான்னா?"

"வெளிநாட்லேந்து வர்ற பணம் முழுசும்."

சேகர் சிரித்தான். "நல்லா இருக்குதே நாயம். அப்ப ஜெர்சி, வேன், எங்க பேட்டா எல்லாம்? நாங்க எதுக்கு வர்றது, உனக்குக் கை தட்டவா? ரிங்கையும் கழட்டி வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடு."

"எனக்கு மட்டும் இல்லண்ணா. ரெண்டு பேருக்குக் கேக்கறேன்."

தனபால் கை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினான். கடை திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"நீ ஏன் நேத்து சாமி கும்புடல?" என்று கேட்டான் சேகர். குரல் இறங்கியிருந்தது.

"கும்புடத்தான் போனேன். பந்து வந்துச்சு. வந்தா புடிக்காம எப்படிண்ணா?"

கதிர்வேல் என்னிடம் திரும்பி விஷயத்தைச் சொன்னான். ஏழுமலையின் வேலை ஒப்பந்தத்தில் இன்னும் காலம் பாக்கி இருக்கிறது. நடுவில் விட்டு வந்தால் டிக்கெட்டும் அவன் பொறுப்பு, நிறுவனத்துக்கும் பணம் கட்ட வேண்டும். வேலூர் அணி தருவது அதற்குப் போதாது. எங்கள் பணம் முழுவதும் கிடைத்தால் போதும்.

"காலம் முடிஞ்சதும் வரட்டுமே," என்றேன். "கொஞ்ச நாள்தானே?"

"அதுவரைக்கும் இருப்பானான்னு தெரியலை சார்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது." அவன் போனை எடுத்து அழைத்தான். அங்கே அன்றைக்கு விடுமுறை.

திரையில் தெரிந்தவன் நன்றாகத்தான் இருந்தான். உருண்டை முகம், புதிதாக வெட்டிய முடி. அவனுக்குப் பின்னால் அடுக்குக் கட்டில்களில் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

"எப்படி இருக்க ஏழுமல? சாப்டியா?" என்று தனபால் கேட்டான்.

"இல்லண்ணா. எனக்குத் தட்டு வெக்க மறந்துட்டாங்க."

"எவனாவது தகராறு பண்றானா?"

"இல்லண்ணா, நல்ல பசங்க. சொன்னா ஐயோன்னு பதறிக்கினு வெக்கறாங்க. அடுத்த வேளை மறுபடி மறந்துடறாங்க. வேன்ல என் சீட்ல ஆள் உக்கார்றாங்க. நான் உக்காந்துகினு இருக்கும்போதே."

சேகர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"நேத்து மத்தியானம் பொட்டி எறக்கிக்கினு இருந்தேன். ரெண்டு கையும் தானா நெஞ்சுக்கு நேரா வந்து தள்ளுச்சு. மறுபடி மறுபடி. பொட்டி கீழ விழுந்து ஒடஞ்சு போச்சு. சூப்பர்வைசர் பக்கத்துலதான் நின்னாரு. திட்டவே இல்ல. அதான்ணா பயமா இருக்குது."

நேர வித்தியாசத்தை நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். கழித்தபின் வந்த நேரத்தை யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய மாலை மைதானத்தில் நடந்ததை அவனிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. கதிர்வேலின் முகத்தைப் பார்த்தே அது தெரிந்தது.

அதே நாள் பிற்பகல் வீட்டுப் பத்திர வேலையாக அரசு அலுவலகத்துக்குப் போனேன். வரிசை மெதுவாக நகர்ந்தது, நகர்ந்தபின் எல்லாம் சீக்கிரம் நடந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்: "சார், நீங்க இங்க இருக்கறவரா, வெளிய இருக்கறவரா? ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும்."

"வெளியே," என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வெளிநாட்டுக்குப் போன புதிதில் கடிதம் எழுதும்போது நான் ஊருக்குச் சொல்லாமல் விட்டவை சில உண்டு. அலுவலகத்தில் ஒரு கூட்டம் முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள், நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். பிறந்தநாள் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுப்பார்கள், துண்டுகள் என் முறை வருவதற்கு முன் கணக்காக முடிந்திருக்கும். கேட்டால் மனமார வருத்தப்படுவார்கள். குளிர் நாட்டு மனிதர்கள் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு விதமாக நினைக்க எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

5

மறுநாள் முடிவு சொல்ல வேண்டும். தனபால் என் மேல் போட்டுவிட்டான். "உன் பணம்தான் ஜாஸ்தி. நீயே சொல்லு."

இரண்டு பக்கமும் எடை போட்டேன். முழுப் பணத்தையும் ஒருவனிடம் கொடுத்தால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் விலகினால் அணியே இல்லை. கொடுக்காவிட்டால் கதிர்வேல் வேலூருக்குப் போவான், ஏழுமலை அங்கேயே இருப்பான். இருப்பான் என்ற சொல்லை எழுதும்போது எனக்கு இப்போதும் கை தயங்குகிறது. இன்னொரு நினைப்பும் இருந்தது, அது அசிங்கமானது. ஏழுமலை அங்கே இருக்கும்வரை தீப நாட்களில் நாம் தோற்கமாட்டோம். தனபாலுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை.

மதியைக் கேட்டேன்.

"மேக்ஸ் குடுங்கப்பா."

"நட்சத்திரம் வேணும்னா?"

"இல்ல. பாஸ் குடுக்கறவன் வீட்டுக்கு வரட்டும்."

சேகரிடம் பேசுவதுதான் கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் பஸ் நிலைய ஸ்டாண்டில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே அவன் ஆரம்பித்தான்.

"கதிருக்குன்னா ஒரு பைசா கிடையாது சார். அவனுக்குத் திமிரு. ஏழுமலை வர்றான்னா எனக்குப் பேட்டா வேணாம். பசங்ககிட்டயும் கேட்டுட்டேன். பழைய ஜெர்சியே போட்டுக்கறோம், தோச்சிப் போட்டா தெரியாது." துணியைப் பிழிந்து உதறினான். "அவனைப் பாத்துட்டு எனக்கு ராவெல்லாம் சோறு எறங்கல. தட்டு வெக்க மறந்துடறாங்களாமே."

கதிர்வேலுக்கு முழுப் பணத்தையும் கொடுப்பது என்று முடிவானது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. பெயிண்ட் கடையில் நின்றபடியே தனபால் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். நாங்கள் இங்கே திரும்பிய வாரத்தில் எங்கள் நகர அணியும் தன் நட்சத்திரத்துக்கு உச்சம் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மதி தொலைக்காட்சி முன் துள்ளினாள். எனக்கு அந்த ஆட்டக்காரரின் பின்னால், படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நின்றவரின் மேல்தான் கண் போனது. அவர் பெயர் மதிக்குக்கூடத் தெரியவில்லை.

6

சித்திரையில் ஏழுமலை வந்தான். காகித வேலைகள் இழுத்தன. புறப்பாட்டுக்கான அனுமதியில் அவன் பெயர் இரண்டு முறை விட்டுப்போயிற்று. மூன்றாவது முறை கதிர்வேல் ஊரிலிருந்தே போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அங்கே ஒருவர் எழுதினார். வந்த அன்று அவன் அம்மா தட்டு வைத்ததையும், அவன் மூன்று முறை சோறு வாங்கியதையும் தனபால் படம் எடுத்து அனுப்பினான். படத்தில் அவன் தெளிவாக இருந்தான். நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆடி மாதத்தில் இருவரும் சேர்ந்து ஆடத் தொடங்கினார்கள். எப்படி ஆடுகிறார்கள் என்று தனபாலைக் கேட்டேன்.

"நல்லா ஆடறாங்க. மனுசங்க மாதிரி ஆடறாங்க," என்றான். பிறகு, "கதிரு இப்பல்லாம் பந்து விழுதான்னு பாக்கறான்டா," என்றான். அவன் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. எனக்கு வருத்தம் இல்லை. கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் ஓர் ஆள் கிடைத்தான் என்று சொல்வேன்.

இந்தக் கார்த்திகைப் போட்டிக்குப் பழைய ஜெர்சியோடுதான் இறங்கினார்கள். முதல் ஆட்டத்தில் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டம் நேற்று. அங்கே மாலை, இங்கே காலை. என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மதி விடுமுறைக்கு வந்து சமையலறை மேஜையில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் நான் காபியோடு உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன யோசித்தேன் என்று நினைவில்லை. காபி ஆறிப்போயிருந்ததும், தனபாலின் அழைப்பு வந்ததும் நினைவிருக்கிறது.

"ஜெயிச்சிட்டீங்களா?" என்றேன்.

"ஆட்டம் இன்னும் முடியல. நிறுத்தி வெச்சிருக்கோம்." அவன் மெதுவாகப் பேசினான். பின்னால் நிறைய பேர் இருப்பது தெரிந்தது, ஆனால் யாரும் பேசவில்லை. "பி.டி. சார் இந்த வாட்டி கரெக்டா விசில் ஊதிட்டாரு. பந்தை நடுவுல வெச்சிட்டு எல்லாரும் கோட்டுக்கு வெளிய வந்துட்டோம். லைட்டை அணைச்சாங்க. கதிரு எனக்கு இந்தப் பக்கம், ஏழுமலை அந்தப் பக்கம். ரெண்டு பேரும் கை கூப்பிக்கினு நிக்கறாங்க. நான் கண்ணால பாக்கறேன்."

"சரி."

"பின்னாடி பந்து தட்டற சத்தம் கேக்குது."

நான் காபிக் கோப்பையை மேஜையில் வைத்தேன்.

"ஏழுமலைக்கு நடுக்கம் வந்துடுச்சு. 'நான் இல்லண்ணா, நான் இங்க இருக்கேண்ணா'ன்னு என் சட்டையைப் புடிச்சிக்கினான். சேகரு அவனைக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கறான். அவன் இல்லடா. அது அவன் தட்டறதும் இல்ல. ரெண்டு தட்டு தாழ்வா, ஒண்ணு உசரமா, அப்புறம் ஒரு நிறுத்தம். மறுபடி ரெண்டு தாழ்வா. மண் தரையில ஆடுனப்ப நம்ம டீம்ல ஒருத்தன்தான் அப்படித் தட்டுவான்."

ஏரிப் பக்கம் ஒரு வண்டி பனியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. தனபால் மூச்சு விடுவது கேட்டது.

"நீ இப்ப எங்க இருக்க?" என்றான்.

"வீட்லதான்."

"இல்ல, கொஞ்ச நேரம் முன்னாடி."

"வீட்லதான்டா. காபி குடிச்சிக்கிட்டு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்று வைத்துவிட்டான்.

மதி கணினியிலிருந்து நிமிரவில்லை. நான் எதிரில் இருப்பதை மறந்திருந்தாளோ என்னவோ, கூப்பிட்டதும் லேசாகத் திடுக்கிட்டாள். இவ்வளவு நேரம் நான் எங்கே இருந்தேன் என்று அவளிடம் கேட்டேன்.

"இங்கதான்ப்பா இருந்தீங்க," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.